சொறி மருந்துச் செய்திக்கு முன்

கச்சேரிக்கு முன் எல்லோரும் என் முகம் பார்ப்பார்கள்.
ஓபோவில் ஒரு சுரம், நீட்டிப் பிடிப்பேன்.
வயலின்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.
எக்காளங்கள் கொஞ்சம் அலட்டிக்கொண்டு சேரும்.
அவ்வளவுதான்.
அப்புறம் எழுபத்தொரு கட்டம்
கருவியை மடியில் கிடத்தி
எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.
சாந்தியாகோவில் ஒன்பது வருஷம்
எண்ணியதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பான்
அண்ணன் யூரே.
தப்பில்லை.

பத்தாம் வருஷம் மறுதேர்வு.
யார் என்று தெரியாதிருக்கத் திரை,
செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்காதிருக்கக் கம்பளம்.
அந்தப் பக்கம் யாரோ இருமினார்.
இருமலுக்கு முன் வாசித்தது நினைவில்லை,
பின் வாசித்தது இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.
இருக்கை வேறொருவருக்கு.

புந்தா அரேனாஸ் திரும்பினேன்.
ஆள் பிடித்து நடக்கத்
தெருமுனையில் கயிறு கட்டும் ஊர்.
சீவாளி இரண்டே நாளில் வெடிக்கும்.
மாமாவின் நண்டுக் கிடங்கில் கணக்கெழுதினேன்,
கையுறையோடு.

நெல்சா கார்காமோவின் வானொலிக்கு
செய்தி வாசிக்க ஆள் தேவைப்பட்டது.
உலகச் செய்தி இல்லை,
தொலைபேசி எட்டாத ஆட்டுப் பண்ணைகளுக்கு
வீட்டார் எழுதிக் கொடுப்பது:

ரியோ வெர்தேயில் இருக்கும் ஒஸ்வால்தோவுக்கு:
அறுவை முடிந்தது, அம்மா சூப் குடித்தார்.

மூன்றாம் கொட்டகைக்கு:
லாரி வியாழன் இல்லை, சனி.
மாவைப் பார்த்துச் செலவழிக்கவும்.

எர்னானுக்கு: கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
நாயை நீயே வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சுருதி.
சாவுக்கென்று தனிக்குரல் வைத்தால்
பெயர் வருவதற்குள் பத்துப் பண்ணை பதறும்.

ஒரு ஜூலை இரவு, பனி.
செய்தி கொண்டுவரும் பையனைக் காணோம்.
ஐந்து நிமிஷம் கையில் கிடந்து கனத்தது.
நெல்சா இருந்தால் குதிரைக்காரன் பாட்டுப் போட்டிருப்பாள்.
என் பையில் ஒரு கேசட்.
ஓபோவும் தந்திகளும், மெதுவான பகுதி.
வாசித்தது நான் இல்லை,
நானாயிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

முடிந்ததும் உடனே பேசியிருக்க வேண்டும்.
வானொலியில் மௌனம் என்பது பழுது.
நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்,
பழக்கதோஷம்.
ஏழாம் விநாடியில்தான் வாய் திறந்தேன்:
லாகுனா பிளாங்கா பண்ணைக்கு,
ஆட்டுச் சொறி மருந்து வந்திருக்கிறது.

தனிட்சா, செத்துப்போச்சா நம்ம வானொலி?
நெல்சா வீட்டிலிருந்து கத்தினாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு காகிதம்.
கம்பளி எண்ணெய் வாடை,
பென்சில் எழுத்து:
சொறி மருந்துக்கு முன்னால்
ஒன்று அழாமல் அழுதுகொண்டு போனதே, அது என்ன?
மறுபடி அனுப்பவும்.
இப்படிக்கு, பௌஸ்தீனோ மன்சிலா.

அனுப்பவும் என்றிருந்தான்,
என்னவோ உப்பு மூட்டை மாதிரி.

சனி இரவு இருபது நிமிஷம் கொடுத்தாள் நெல்சா.
விளம்பரதாரர்: நண்டுக் கிடங்கு.
இசைக்குறிப்பெல்லாம் விளக்கவில்லை.
சேற்றில் பூட்ஸைப் பிடுங்கிப் பிடுங்கி
நடக்கிற வேகம் இது என்றேன்.
கலங்கரை விளக்கத்திலிருந்து ஒருவர் திருத்தினார்:
சேறில்லை அம்மணி, பனி. சேற்றுக்குச் சத்தம் உண்டு.
ஒப்புக்கொண்டேன், அடுத்த வாரம், எல்லோர் காதிலும் விழ.

இருபது நிமிஷம் ஒரு மணியானது.
நீயே வாசியேன் என்கிறான் யூரே.
பார்க்கலாம் என்கிறேன்.
பார்க்கவில்லை.

இன்று வந்தது இரண்டாவது காகிதம்:
பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.
எப்படி முடிந்தது?

எட்டு மணி. சிவப்பு விளக்கு.
முதலில் செய்திகள்.

பௌஸ்தீனோ மன்சிலாவுக்கு:
தந்திகள் ஒவ்வொன்றாக முன்னே போய்விட்டன.
ஓபோ மட்டும் நின்றது,
கேட்டைச் சாத்தத் திரும்பி வந்த ஆள் மாதிரி.
பிறகு ஏழு விநாடி.
பேட்டரி சனிக்கிழமை லாரியில் வருகிறது.